நாலு கலர் அட்டையின் கதை

காபி வியாபாரத்தில் 'ட்ரையாஜ்' என்று ஒரு தரம் உண்டு. நல்ல கொட்டைகளையெல்லாம் பிரித்தெடுத்த பிறகு உடைசல், கறுத்தது, சூம்பியது எல்லாம் சேர்ந்து கடைசியாக ஒரு குவியல் மிஞ்சுமே, அதற்குத்தான் அந்தப் பெயர். பிரெஞ்சில் 'ட்ரியே' என்றால் தரம் பிரிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரித்தவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பிறகு காபிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் அப்புறம்தான் அது மனிதர்களிடம் வந்தது.

ஆமாம், மனிதர்களிடம்தான். ஒரே இடத்தில் நூறு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். வந்து சேர்ந்திருப்பது இரண்டே ஆம்புலன்ஸ். யாரை முதலில் ஏற்றுவது? யாரை அப்புறம்? யாரை ஏற்றவே வேண்டாம்? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போதே வயிற்றை ஏதோ செய்கிறது. ஆனால் யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கான பதில் முதலில் ஒரு மருத்துவரின் தலைக்குள் இருந்தது. பிறகு காகித அட்டைக்கு வந்தது. இப்போது விளக்கு எரியும் பட்டை, பார்கோடு, செல்போன் என்று போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பயணத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

கதையின் முதல் ஆள் தொமினிக் ழான் லாரே. 1766-இல் பிரான்சின் பைரனீஸ் மலைப் பக்கம் பிறந்தவர், பின்னாளில் நெப்போலியனின் தலைமை அறுவை மருத்துவர்களில் ஒருவர். 1792-இல் இவர் ரைன் படையில் சேர்ந்தபோது அங்கே ஒரு விதி இருந்தது. மருத்துவ வண்டிகள் படைக்கு ஒரு லீக் பின்னால்தான் நிற்க வேண்டும். அதாவது நாலைந்து கிலோமீட்டர். சண்டை முடிந்த பிறகுதான் வண்டி வரும். அதற்குள் அடிபட்டவர்களில் பாதிப் பேருக்கு வண்டியே தேவைப்படாது!

லாரே இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கின்றன. பீரங்கி பறக்கலாம் என்றால் ஆம்புலன்ஸ் ஏன் பறக்கக் கூடாது? சமவெளிக்கு இரண்டு சக்கர வண்டி, கரடுமுரடான இடத்துக்கு நாலு சக்கர வண்டி என்று செய்ய வைத்தார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்றே பெயர். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே களத்துக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கி வந்தார்கள்.

தூக்கி வந்தாகிவிட்டது. இனி யாருக்கு முதலில் கத்தியை எடுப்பது? அந்தக் காலத்து வழக்கம் எளிமையானது. அதிகாரி முதலில், சிப்பாய் அப்புறம். காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரிந்த 'முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே' என்ற கணக்குகூட அங்கே கிடையாது. லாரே இதை மாற்றினார். காயம் எவ்வளவு ஆபத்தானதோ அதை வைத்துத்தான் வரிசை, பதவியை வைத்து அல்ல என்று 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிய தன் நினைவுக் குறிப்புகளில் தெளிவாகவே எழுதி வைத்தார். அந்தப் படையெடுப்பில் போரோடினோ சண்டையின்போது 24 மணி நேரத்தில் சுமார் 200 பேருக்குக் கை கால் அகற்றியவர் அவர். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. லாரே 'ட்ரையாஜ்' என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. அந்தச் சொல் போர்க்கள மருத்துவத்தில் பரவலானது முதல் உலகப் போரில்தான். ஆனால் இன்று எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் ட்ரையாஜின் தந்தை லாரே.

லாரேயின் விதியில் யாரையும் கைவிடுவது என்பது இல்லை. ஆபத்தில் இருப்பவனை முதலில் பார், மற்றவன் காத்திருக்கட்டும், அவ்வளவுதான். 'பிழைக்க வாய்ப்பில்லாதவனைத் தள்ளி வை' என்பது பிறகு வந்து சேர்ந்தது. 1846-இல் ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், லேசான காயத்தையும் காப்பாற்றவே முடியாத காயத்தையும் ஒத்திப்போட்டால்தான் நடுவில் இருப்பவர்களைக் காப்பாற்ற முடியும் என்று எழுதினார். சில வருஷங்களில் கிரிமியப் போர் வந்தது. முற்றுகையில் இருந்த செவஸ்தபோலுக்கு நிக்கொலாய் பிரகோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் போய்ச் சேர்ந்தபோது, காயம்பட்டவர்கள் தரையில் ஒருவர் மேல் ஒருவராகக் கலந்து கிடந்தார்கள். மருத்துவர்கள் யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களிடம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரகோவ் முதலில் கத்தியை எடுக்கவில்லை. ஆட்களைப் பிரித்தார். நம்பிக்கை இல்லாதவர்கள் செவிலிச் சகோதரிகளிடமும் பாதிரியாரிடமும் போனார்கள். உடனே அறுக்க வேண்டியவர்கள் மேஜைக்கு. நாளை வரை தாங்குபவர்கள் ஒரு பக்கம், கட்டுப் போட்டு அனுப்பக் கூடியவர்கள் இன்னொரு பக்கம். போரில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றுவது மருத்துவத்தை விட நிர்வாகம்தான் என்பது அவருடைய முடிவு. நிர்வாகவியல் வகுப்பில் இவர் பெயரை யாரும் சொல்வதில்லை, சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். 1943, வட ஆப்பிரிக்கா. பென்சிலின் அப்போதுதான் வந்திருக்கிறது, கையிருப்பு மிகக் குறைவு. ஒரு பக்கம் சண்டையில் காயம்பட்டுப் புண் சீழ்பிடித்த வீரர்கள். இன்னொரு பக்கம் விலைமாதர் வீடுகளுக்குப் போய்ப் பால்வினை நோய் வாங்கி வந்த வீரர்கள். மருந்து யாருக்கு? இரண்டாவது கூட்டத்துக்கு! அவர்கள் சில நாளில் குணமாகி மறுபடி துப்பாக்கி தூக்குவார்கள் என்பதுதான் காரணம். ஹார்வர்டின் மயக்கவியல் பேராசிரியர் ஹென்றி பீச்சர் பின்னாளில் இதைப் பதிவு செய்தார். வரிசை போடும் முறை ஒன்றுதான், ஆனால் எதற்காக வரிசை போடுகிறோம் என்பதை மாற்றினால் வரிசையே தலைகீழாகிவிடுகிறது. பின்னால் செல்போன் கதைக்கு வரும்போது இது தேவைப்படும்.

போர்க்களத்திலிருந்து ஊருக்குள் இந்த முறை வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ராணுவத்தில் பிரித்தவரும் தூக்கிச் செல்பவரும் ஒரே அமைப்பு. ரயில் விபத்திலோ கட்டட இடிபாட்டிலோ அப்படி இல்லை. ஒருவர் பார்த்து முடிவெடுப்பார், இன்னொருவர் தூக்குவார், மூன்றாமவர் வண்டி ஓட்டுவார், நாலாமவர் மருத்துவமனையில் வாங்குவார். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. அப்படியானால் எடுத்த முடிவு அடிபட்டவரின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் அட்டை.

1970-களில் அமெரிக்காவில் பரவிய 'மெட்டேக்' என்ற அட்டை இதில் புகழ் பெற்றது. சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் லேசான காயம், கறுப்பு என்றால் இறந்தவர் அல்லது காப்பாற்ற முடியாதவர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வேறு மொழிக்காரருக்கும் புரிய வேண்டும் என்று படமும் போட்டார்கள். சிவப்புக்கு முயல், மஞ்சளுக்கு ஆமை, பச்சைக்குக் குறுக்கே கோடு போட்ட ஆம்புலன்ஸ். முயலும் ஆமையும் எந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கதையாயிற்றே. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் காணும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளும் இதே குடும்பம்தான்.

அட்டையின் அடியில் நாலு கலரில் கிழிக்கும் பட்டைகள் இருக்கும். மேலிருந்து கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை. கடைசியில் மிஞ்சுவது எந்தக் கலரோ அதுதான் அவருடைய தரம். பச்சை என்றால் எதையும் கிழிக்க வேண்டாம். மஞ்சள் என்றால் பச்சையைக் கிழித்துவிட வேண்டும். இப்படியே மேலே போனால் கறுப்பு மட்டும் மிஞ்சும். இதில் கவனிக்க வேண்டியது: ஒருவர் நிலைமை மோசமானால் இன்னும் ஒரு பட்டையைக் கிழித்தால் போதும். தேறினால்? கிழித்ததை ஒட்ட முடியாது, வேறு அட்டை எழுத வேண்டும். அந்தக் காகிதத்துக்குத் தெரிந்த திசை ஒன்றே ஒன்றுதான்.

சரி, அட்டை இருக்கிறது. கலரை முடிவு செய்வது எப்படி? ஒவ்வொருவரையும் முழுதாகப் பரிசோதிக்க நேரம் கிடையாது. 1983-இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் அங்குள்ள ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து 'ஸ்டார்ட்' என்ற முறையை உருவாக்கின. அதைக் கற்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. முதலில் உரக்கக் கூப்பிட வேண்டும்: நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் வாருங்கள்! வந்தவர்கள் எல்லாரும் பச்சை. மிஞ்சியவர்களிடம் ஒவ்வொருவராகப் போக வேண்டும். மூச்சு இருக்கிறதா? இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுப் பாதையைத் திறந்து பார். அப்போதும் இல்லையென்றால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் ஓடினால் சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்த நிறம் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் சிவப்பு. (இருட்டிலும் குளிரிலும் நகம் ஏமாற்றுகிறது என்று 1990-களில் இதற்குப் பதில் மணிக்கட்டு நாடியை வைத்தார்கள்.) சொன்னதைச் செய்கிறாரா? செய்யாவிட்டால் சிவப்பு. எல்லாம் தாண்டியவர் மஞ்சள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் கூட ஆகக் கூடாது.

படிக்கும்போது சுலபமாக இருக்கிறது. 'அப்போதும் இல்லையென்றால் கறுப்பு' என்ற இடத்தில் மட்டும் நின்று யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில் தெருவில் ஒருவர் மூச்சு நின்று விழுந்தால், ஆம்புலன்ஸ்காரர் நெஞ்சை அழுத்தி அழுத்தி மருத்துவமனை வரை போராடுவார். அதே மனிதர், அதே ஆம்புலன்ஸ்காரர், நூறு பேர் கிடக்கும் நாளில்... ஒரு முறை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். அதுதான் சட்டம். அந்த ஆள் இரவு வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவார் என்று 'ஸ்டார்ட்' முறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

முறை சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டால், பதில் அவ்வளவு நன்றாக இல்லை. 2002-இல் கலிபோர்னியாவின் பிளசென்ஷியாவில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் மோதிய விபத்தில் 148 பேரின் பதிவுகளைப் பிறகு ஆராய்ந்தார்கள். களத்தில் 22 பேருக்குச் சிவப்பு, 68 பேருக்கு மஞ்சள், 58 பேருக்குப் பச்சை. மருத்துவமனை விவரங்களைப் பார்த்தபோது உண்மையில் சிவப்பாக இருந்திருக்க வேண்டியவர்கள் 2 பேர், மஞ்சள் 26, பச்சை 120! தேவைக்கு மேல் ஏற்றிப் போடப்பட்டவர்கள் 79 பேர். குறைத்துப் போடப்பட்டவர்கள் 3 பேர் மட்டுமே. கூட்டிப் போட்டால் என்ன, பாதுகாப்புத்தானே என்று தோன்றும். இல்லை. குண்டுவெடிப்புகளை ஆராய்ந்த எரிக் ஃப்ரைக்பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தேவையில்லாத சிவப்புகள் கூடக் கூட, உண்மையான சிவப்புகளில் இறப்பவர்களும் கூடுகிறார்கள் என்று காட்டினார். எல்லாவற்றுக்கும் 'அவசரம்' ஸ்டிக்கர் ஒட்டினால் எதுவுமே அவசரம் இல்லை என்றாகிவிடும் அல்லவா, அதே கதை.

காகித அட்டை தன் முழு பலத்தையும் பலவீனத்தையும் ஒரே நாளில் காட்டிய இடம் ஜப்பானின் அமகசாகி. 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்த பிறகு, அந்த நாடு முழுக்க ஒரே மாதிரியான அட்டையை 1996-இல் கொண்டு வந்தது. மூன்று பிரதிகள்: ஒன்று களத்தில், ஒன்று தூக்கிச் செல்பவரிடம், ஒன்று நோயாளியோடு மருத்துவமனைக்கு. வலது மணிக்கட்டில் கட்ட வேண்டும் என்பது வரை விதி உண்டு.

2005 ஏப்ரல் 25, காலை 9.18. சுமார் ஒன்றரை நிமிடத் தாமதத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஏழு பெட்டி ரயில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் சுமார் 116-இல் திரும்பியது. முன் பெட்டிகள் தடம் புரண்டு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் போய்ச் சொருகிக்கொண்டன. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள், 562 பேர் காயமடைந்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலை ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு முதல் ஆட்களாக ஓடி வந்தார்கள். மருத்துவக் குழுக்கள் வந்து அட்டை கட்டினார்கள். கறுப்பு அட்டை கட்டப்பட்டவர்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்படவில்லை. அதனால் மருத்துவமனைகள் இறந்தவர்களால் நிரம்பாமல், உயிரோடு இருந்தவர்களுக்குக் கிடைத்தன. கோபேயில் செய்ய முடியாததை அமகசாகியில் செய்துவிட்டோம் என்று மருத்துவ உலகம் இதைச் சொல்லிக்கொண்டது. அது தப்பில்லை. ஆனால் அந்தக் கறுப்பு அட்டைகளில் என்ன எழுதியிருந்தது என்பதற்குப் பிறகு வருவோம்.

இதே வருஷங்களில்தான் கணினிக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். அவர்கள் பார்வையில் காகித அட்டையின் குறைகள் பளிச்சென்று தெரிந்தன. மழையில் நனையும். ஓடும் அவசரத்தில் கையெழுத்து புரியாது. மொத்தம் எத்தனை சிவப்பு என்று தெரிய யாராவது ஓடி ஓடி எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து மணிக்கு மஞ்சளாக இருந்தவர் பத்தேகாலுக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சிவப்பாகிவிட்டார் என்பது அட்டைக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று கலர் விளக்குகள் எரியும் மின்னணு அட்டையைச் செய்தது. விரலில் மாட்டும் கருவி நாடித் துடிப்பையும் ரத்த ஆக்சிஜனையும் அளந்துகொண்டே இருக்கும். நிலைமை மாறினால் தூரத்தில் இருக்கும் மருத்துவரின் திரையில் எச்சரிக்கை வரும். இதற்கு அடித்தளம் ஹார்வர்டில் உருவான 'கோட்ப்ளூ' என்ற கம்பியில்லா உணர்விக் கட்டமைப்பு. கலிபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் 'விசார்ட்' என்ற திட்டம் 2003 வாக்கில் தொடங்கியது. பெயர் மந்திரவாதி மாதிரி ஒலித்தாலும், உண்மையில் அது ஒரு நீளமான பெயரின் சுருக்கம்தான். மீட்புப் பணியாளர் கையில் கைக்கணினி, நோயாளி கையில் மின்னணு அட்டை, நடுவில் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வைஃபை வலை.

இதில் பாராட்ட வேண்டியது, அவர்கள் இதைச் சோதித்த விதம். 2006 ஆகஸ்டில் சான் டியேகோவில் நடந்த பேரிடர் ஒத்திகையில், காயம்பட்டவர்களாக நடித்த 100 தன்னார்வலர்களை இரண்டாகப் பிரித்து 50 பேருக்குக் காகிதம், 50 பேருக்குக் கருவி என்று கொடுத்தார்கள். காகிதப் பக்கத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் அடையாள எண் விட்டுப்போயிருந்தது அல்லது இரட்டித்திருந்தது. கருவிப் பக்கத்தில் அந்தக் குழப்பம் ஏறக்குறைய மறைந்தே போனது. பெரிய வெற்றி! ஆனால் ஆட்களைச் சீக்கிரம் அனுப்ப முடிந்ததா என்று பார்த்தால், நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது கருவி கணக்குப்பிள்ளையாக அருமையாக வேலை செய்தது. மருத்துவராக அல்ல.

கொஞ்ச வருஷத்தில் தனிக் கருவி செய்ய வேண்டிய அவசியமே போய்விட்டது. ஸ்மார்ட்போன் வந்தது. கேமரா, இடம் காட்டும் வசதி, கடிகாரம், வலை இணைப்பு எல்லாம் ஒரே பெட்டியில், எல்லார் சட்டைப் பையிலும். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போதே ஒரு கள மருத்துவமனையில் அமெரிக்க மருத்துவர்கள் ஐபோன்களில் நோயாளிப் பதிவேடு வைத்தார்கள். 'ஸ்டார்ட்' கேள்விகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கலரைச் சொல்லும் செயலிகளும் வந்தன.

அப்புறம் 2011 மார்ச் 11. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் சுனாமி. செல்போன் கோபுரங்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. உலகிலேயே அதிகக் கைபேசி வசதி கொண்ட நாடுகளில் ஒன்றில், மிகத் தேவையான நேரத்தில் கைபேசி வெறும் டார்ச் லைட் ஆனது. இஷினோமாகி செஞ்சிலுவை மருத்துவமனை நிலநடுக்கம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் கலர் வாரியாக இடம் பிரித்துத் தயாராகிவிட்டது. எப்படி? ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருந்தார்கள், காகிதம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். பின்னர் அங்கிருந்து கிளம்பிய குழுக்கள் சுமார் 300 முகாம்களையும் நேரில் போய்ப் பார்த்துக் காகிதப் படிவத்தில்தான் கணக்கெடுத்தார்கள்.

வலை இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2015 நவம்பர் 13, பாரீஸ். வலை இருந்தது, மின்சாரம் இருந்தது, கருவியும் இருந்தது. 'சைனஸ்' என்று ஒரு முறை. பாதிக்கப்பட்டவர் கையில் பார்கோடு பட்டையை மாட்டி ஸ்கேன் செய்தால் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே பட்டியல் போகும். அன்று இரவு ஒரே சமயத்தில் பல இடங்களில் தாக்குதல். 130 பேர் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தவர்கள் நானூறுக்கும் மேல். எத்தனையோ பேர் பட்டை இல்லாமலே மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனைகளோ அந்த முறையோடு இணைக்கப்படவே இல்லை. களத்தில் ஒரு பட்டியல், மருத்துவமனைகளில் வேறு பட்டியல். பெற்றோர்கள் கையில் போட்டோவோடு மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார்கள். 2016-இல் பிரெஞ்சு நாடாளுமன்ற விசாரணைக் குழு இந்தக் குறையை எழுத்தில் வைத்தது. 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் இசை விழாவில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. பெரும்பாலான காயக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களின் கார்களிலும் பிக்-அப் வண்டிகளிலும் ஏறிப் போய்விட்டார்கள். ஸ்கேன் செய்ய யாராவது வரட்டும் என்று எந்த மனிதன் ரத்தம் ஒழுகக் காத்திருப்பான்?

பிரான்சின் சுகாதார அமைச்சகம் 2016-இல் மருத்துவமனைகளையும் இணைக்கும் 'சிவிக்' என்ற புதிய முறையைக் கொண்டு வந்தது. யார், எந்த மருத்துவமனை, நிலைமை என்ன என்பது திரையில் வரும். குடும்பங்கள் இனி அலைய வேண்டாம். நல்ல நோக்கம். இங்கேதான் அந்தப் பென்சிலின் கதையைத் திரும்ப நினைக்க வேண்டும். 2018 இறுதியில் 'மஞ்சள் அங்கி' போராட்டங்கள் வெடித்தபோது, போலீசாரோடு நடந்த மோதல்களில் காயமடைந்து வந்த போராட்டக்காரர்களின் பெயர்களையும் அதே முறையில் பதிந்தார்கள். 2019-இல் இது பத்திரிகையில் வெளியானதும் பெரிய சர்ச்சை. மருத்துவர்களே எதிர்த்தார்கள், தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரை புகார் போனது. அரசியல் பட்டியல் அல்ல, படுக்கைகளை நிர்வகிக்கத்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு போராட்டத்தில் தலை உடைந்தவன் மருத்துவமனைக்குப் போகலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு எந்தக் கலர் அட்டை? காகித அட்டைக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அது குப்பைக்குப் போனால் போனதுதான். தரவுத்தளம் அப்படிப் போகாது.

இப்போது அமகசாகிக்குத் திரும்பலாம்.

விபத்து முடிந்து சில மாதங்களில், இறந்தவர்களின் குடும்பங்கள் அந்தக் கறுப்பு அட்டைகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தன. அவர்களுக்கு வேண்டியிருந்தது நஷ்ட ஈட்டுக் காகிதம் அல்ல. எங்கள் பிள்ளையைக் கண்டெடுத்தபோது உயிர் இருந்ததா? எந்தப் பெட்டியில் இருந்தாள்? எத்தனை மணிக்கு? பார்த்தவர் மருத்துவரா? கடைசியாக ஏதாவது பேசினாளா? அட்டைகள் பலவற்றில் ஏறக்குறைய எதுவுமே எழுதப்பட்டிருக்கவில்லை. கறுப்புக்கு மேல் எழுதி என்ன ஆகப் போகிறது, அந்த நேரத்தில் ஒரு சிவப்பைப் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அவர்கள் படித்த விதிப்படி அது முழுக்க நியாயம். எழுதிக்கொண்டு நின்றிருந்தால்தான் தப்பு.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது சும்மா இருந்துவிடுவதுதான் வழக்கம். அங்கே சில மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் கேள்விகளைக் கேட்டு, 2006-இல் 'ஜப்பான் டிமோர்ட்' என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். பேரிடரில் இறந்தவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் களத்திலிருந்தே கவனிப்பது அவர்கள் வேலை. கறுப்பு அட்டையிலும் எழுதுங்கள், இரண்டு வரியாவது எழுதுங்கள் என்று அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார்கள்.

செல்போன் இதில் நிஜமாகவே உதவக் கூடும். யார் பார்த்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் யாரும் எழுதாமலேயே அது பதிந்துவிடும். சிவப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு விநாடி கூடக் குறையாது. வேகத்தையும் எண்ணிக்கையையும் குறிவைத்துச் செய்யப்பட்ட கருவி, வேகத்தால் பயனே இல்லாத அந்த ஒரு கலருக்கு இப்படிப் பயன்படும் என்று சான் டியேகோவில் ஒத்திகை நடத்தியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். மற்ற கேள்விகளுக்கு, கடைசியாக ஏதாவது பேசினாளா என்பதற்கு, இன்னமும் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்த அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் கொடுக்கப்பட்ட அதே ஆள்.